எக்ஸ்எம்எல் கோப்பில் 'ஈ' வந்தாலே பிழை காட்டுகிறது, ஏன்?

கொக்குவில்காரன்:
எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் கிடக்கும் பழைய புத்தகங்களுக்கு எக்ஸ்எம்எல்லில் (தகவலை டேக் என்ற குறிகளுக்குள் வைத்து எழுதும் முறை) ஒரு பட்டியல் செய்கிறேன். <நூல்>, அதற்குள் <தலைப்பு>, <ஆசிரியர்>, <ஆண்டு> என்று டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன், அதில் ஒரு கரைச்சலும் இல்லை. தலைப்புகளை மட்டும் யாரோ முந்திப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன். நான் அடித்த பதிப்பாளர் பெயர் ஒன்றில் & குறி இருக்கிறது, அதில் நிற்பதையாவது விளங்கிக்கொள்ளலாம், ஆனால் 'ஈழகேசரி', 'ஈழத்து' என்று தொடங்குகிற வரிகளில் ஏன் விழுகிறது? டிடிடி (கோப்பின் அமைப்பு விதிகள்) எழுதினால் சரி வருமா?

வடமராட்சியான்:
தம்பி, தலைப்பை சீடேட்டா பகுதிக்குள் போடுங்கோ. < & இரண்டையும் வெறும் எழுத்தாக விட்டுவிடும். உள்ளே ]]> வரக்கூடாது, அவ்வளவுதான்.

எழுத்தெண்ணி:
அண்ணை சொன்னபடி செய்தால் பிழைச்செய்தி நிற்கும், ஆனால் கோப்புக்குள் கிடப்பது தமிழே இல்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு, அதில் ஈ உட்கார்ந்திருப்பது < குறியின் இடத்தில். கண்ணுக்கு ஈழகேசரி, கோப்பை வாசிக்கும் பார்சருக்கு ஏதோ ஒரு டேக் தொடங்குகிறது. நாளைக்கு யாராவது 'ஈழ' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கோ, யூடிஎப்-8 ஆகச் சேமியுங்கோ.

டிடிடி இதற்கு மருந்தில்லை. டேக் மூடியிருக்கிறதா, குறிகள் ஒழுங்கா என்ற இடத்திலேயே விழுந்த கோப்பை அது தூக்கிவிடாது. எது எதற்குள், எந்த வரிசையில், எத்தனை தடவை வரலாம் என்று சொல்வதுதான் அதன் வேலை. உங்களுக்கு (தலைப்பு, ஆசிரியர்+, ஆண்டு?) போதும் என்று நினைக்கிறேன். காற்புள்ளி என்றால் அதே வரிசை, + என்றால் ஒன்றாவது வேண்டும், ? என்றால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் ஒன்றுதான்.

& குறிக்கு &#38; என்று எழுதுங்கோ, < வேண்டுமென்றால் &#60;. எக்ஸ்எம்எல்லில் இயல்பாகவே என்டிட்டி, அதாவது & தொடங்கி ; முடிகிற பெயர், இருப்பது <, >, &, இரண்டு மேற்கோள் குறிகள் ஆகிய ஐந்துக்கு மட்டும். எச்டிஎம்எல்லில் © குறிக்குப் பழகிய பெயரை இங்கே போட்டால் 'அறிவிக்கப்படாத என்டிட்டி' என்று கத்தும், &#169; என்று எண்ணில் போட்டால் பேசாமல் இருக்கும். அந்தப் பெயர்தான் வேண்டுமென்றால் டிடிடியில் நீங்களே அறிவிக்க வேண்டும். தமிழிலும் பெயர் வைக்கலாம், நான் &யாழ்; என்று ஒன்று வைத்திருக்கிறேன், எழுதிய இடமெல்லாம் 'யாழ்ப்பாணம்' என்று விரியும். கொஞ்சம் சோம்பல்தான்.

கொக்குவில்காரன்:
அவசரத்தில் டேக்கோடு சேர்த்து முழுக் கோப்பையும் யூனிகோடு மாற்றியில் போட்டேன், இருந்த < எல்லாம் ஈ ஆகிவிட்டது! பழைய பிரதி இருந்தபடியால் தப்பினேன், இப்போது தலைப்புகளை மட்டும் தனியாக மாற்றி ஒட்டுகிறேன். ஒரு சந்தேகம், கோயில் மலர்களுக்கு ஆசிரியரே இல்லையே?

எழுத்தெண்ணி:
அப்படியென்றால் ஆசிரியர்* என்று போடுங்கோ. இல்லாமலும் வரலாம், பத்துப் பேரும் வரலாம்.