காமாக் கதிர் எங்கே? பௌதிகவியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு மாணவி என்னை மடக்கிவிட்டாள்.

தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் உணரி, என்ஜிசி 1068 விண்மீன் மண்டலத்திலிருந்து ஏறத்தாழ 79 நியூத்திரினோக்கள் (எதனோடும் இலகுவில் மோதாத நுண்துகள்கள்) வந்ததாக 2022இல் அறிவித்தது. புரோத்தன்கள் மோதிப் பையோன்கள் எனும் குறுகிய ஆயுள் துகள்கள் பிறந்து சிதைந்தால் நியூத்திரினோவும் காமாக் கதிரும் சேர்ந்தே வரவேண்டும். "அப்ப காமாக் கதிர் எங்க, சேர்?" என்கிறாள். அந்த மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையைச் சூழ்ந்த சூடான வாயுவின் எக்ஸ் கதிர்களோடு மோதி காமாக் கதிர்கள் இலத்திரன், பொசித்திரன் சோடிகளாக மாறிவிடுகின்றன என்றேன். அதுவரை சரி. அந்தப் புரோத்தன்களை அவ்வளவு வேகத்துக்கு முடுக்குவது எது? காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீள ஒட்டுவதா, வாயுவின் கொந்தளிப்பா? அங்கேதான் எனக்கே இடறுகிறது.

கரும்பலகையில் வரையக்கூடிய அளவில் யாராவது தமிழில் விளக்குவீர்களா? குரல்பதிவு போதும். வீடியோ இங்கே இழுத்து இழுத்துத்தான் ஓடும். சனிக்கிழமை வகுப்பு.