குடியிலிருந்து மீள்வோருக்கான செயலி: உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம். குடியை விட்டு மீள்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கைப்பேசிச் செயலி வடிவமைக்கிறோம். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தாண்டக் கைகொடுப்பதுதான் செயலியின் உயிர்: ஒரு பொத்தானை அழுத்தினால் நம்பிக்கையான ஒருவருக்கு அழைப்பு போகும். சிங்கப்பூரில் இரவு 10.30க்கு மேல் கடைகளில் மது வாங்க முடியாது. அதற்குச் சற்று முன்பு நினைவூட்டுவது உதவுமா, ஆசையைக் கிளறுமா?

எனக்குப் பெரிய கவலை, குடிக்காமல் இருந்த நாள்களின் கணக்கு. ஒருநாள் சறுக்கினால் எண்ணிக்கை பூஜ்ஜியமாகலாமா? மனமுடைந்து செயலியையே நீக்கிவிடுவார்களே! அப்புறம், விடுதி அறையில் பலரோடு தங்கும் ஊழியரின் திரையில் என்ன அறிவிப்பு தெரியலாம்?

மீண்டு வந்தவர்கள், குடும்பத்தார், ஆலோசகர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) போதை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர்கள் இருந்தால் அவசியம் பேச வேண்டும்.