கல்வெட்டுக்கு மைப்படி இன்னும் தேவையா?

சாய்வொளி: கோயில் கல்வெட்டுகளைத் தாளும் மையும் வைத்துப் படியெடுப்பதை இனி நிறுத்தலாம். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டும்போது பொரிந்த கல்லில் எழுத்தின் விளிம்பே உதிர்கிறது. தாள் கிழிந்தால் மை கல்லில் ஊறிவிடும், பிறகு போகாது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் இடம் மாற்றி 40, 50 படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வெளிச்சத்தை எந்தப் பக்கமும் திருப்பிப் படிக்கலாம். மதுரை அருகே மாங்குளம் போன்ற குகைத்தளங்களின் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளுக்கு இதுதான் வழி. மைப்படியில் பாறை வெடிப்பும் உளிக்கோடும் ஒரே மாதிரி வெள்ளையாக விழும்.

குமுதப்பட்டை: பொரிந்த கல்லில் தட்டவே கூடாது, சரி. அதற்காக எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்வதை ஏற்க முடியாது. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் உருண்டு நிற்கும் குமுதப் பட்டையைப் படமெடுத்தால் மேல்வரியும் கீழ்வரியும் நசுங்கித் தெரியும். ஈரத்தாள் வளைவோடு படிந்து, உரித்தால் தட்டையாக வந்துவிடும். சுவருக்கும் பிற்கால மண்டபத்துக்கும் நடுவே ஒரு முழ இடுக்குதான் என்றால் கேமராவை எங்கே வைப்பீர்கள்?

மை ஊறுவது பெரும்பாலும் அவசரத்தால். நார்த் தூரிகையால் கல்லைக் கழுவ வேண்டும். கம்பித் தூரிகை ஆகவே ஆகாது. நனைத்த தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றி, எழுத்துப் பள்ளத்தில் இறங்கும்வரை செங்குத்தாகத் தட்ட வேண்டும். தாளின் ஈரப் பளபளப்பு போனதும், கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கையில், மெல்ல மையொற்ற வேண்டும். முந்தினால் மை கசியும். பிந்தினால் தாள் எழும்பி எழுத்து மங்கும்.

சாய்வொளி: அடுத்தடுத்த படங்கள் 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்தால் முப்பரிமாண உரு கிடைக்கும், குமுத வளைவை அதில் விரித்துக்கொள்ளலாம். இடுக்கு பற்றிச் சொன்னது நியாயம்.

குமுதப்பட்டை: அந்த உருவை ஐம்பது ஆண்டு கழித்து எந்த மென்பொருள் திறக்கும்? 1880களின் இறுதியிலிருந்து எடுத்த மைப்படிகளை இன்றும் வெறும் கண்ணால் படிக்கிறோம். திருப்பணியில் கல்லே போய்விட்ட கோயில்களுக்கு அவைதான் சான்று. மைசூரிலிருந்த தமிழ் மைப்படிகளைத் தமிழ்நாட்டுக்கு மாற்றும்படி 2021-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அவற்றின் மதிப்பு கருதித்தானே.

ஏடுதொகுப்பான்: இருவரும் எடுப்பதோடு நிற்கிறீர்கள். ஊர், வட்டம், கோயில், எந்தச் சுவர், எந்தப் பட்டை, எத்தனையாவது தாள் என்று தாளின் பின்புறம் பென்சிலில் எழுதாத மைப்படியை யாராலும் பயன்படுத்த முடியாது. தாள்களின் ஓரம் இரண்டு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பில் எழுத்து விழுந்துபோகும். மடிக்காதீர்கள், மடிப்பில் தாள் முறியும். சுருட்டி வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, இணையத்துக்குச் சிறிய நகலை ஏற்றுங்கள். வாசகத்தையும் கூடவே வெளியிடுங்கள். மூலத்தில் இல்லாத மெய்யெழுத்துப் புள்ளியைச் சேர்த்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

சாய்வொளி: பெயரிடும் முறை அப்படியே இருக்கட்டும். பொரிந்த கல், சுதை, வண்ணம் இருந்தால் படம் மட்டும். மற்ற இடங்களில் முதலில் படம், பிறகு மைப்படி. இந்த வரிசையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.