நாத்திகரா, ‘தெரியாது’ என்பவரா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டைதான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் பிடித்துக்கொண்டார்.

“சாமி உண்டுங்கிறியா, இல்லைங்கிறியா?”

“தெரியலைங்க பெரியப்பா.”

“கும்பிடுவியா?”

“இல்லைங்க.”

“அப்ப நீ நம்ம ஆளுதான். வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.”

பயமெல்லாம் இல்லை என்றேன். விடவில்லை. “புளியமரத்துல பேய் இருக்கா?” இல்லை என்றேன். “அதை மட்டும் எப்படி அடிச்சுச் சொல்றே? அங்கேயும் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

நியாயமான கேள்வி. எந்தக் கடவுளைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் என் பதில். கிடா வெட்டாவிட்டால் கோபித்துக்கொள்கிற சாமியா, பரீட்சை மார்க்கில் தலையிடுகிற சாமியா, இல்லை என்றே சொல்வேன். அதில் நானும் பெரியப்பாவும் ஒரே கட்சி. இந்தப் பிரபஞ்சம் ஏன் இருக்கிறது, இதற்குப் பின்னால் ஏதாவது உண்டா என்றால் கையை விரித்துவிடுவேன். 1947இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தத்துவம் படித்தவர்களிடம் தன்னை அக்னாஸ்டிக் (கடவுள் உண்டா இல்லையா தெரியாது என்பவர்) என்பாராம், தெருவில் போகிறவர் கேட்டால் நாத்திகர் என்பாராம். ஹோமர் பாடிய கிரேக்கக் கடவுள்களைக்கூட இல்லையென்று நிரூபிக்க முடியாது; அதற்காக ஜீயஸ் இருக்கலாம் என்று யார் தயங்குகிறார்கள்?

* * *

மேலே எழுதியவர் ரஸ்ஸல் என்றதும் ஞாபகம் வந்தது. போரை எதிர்த்து எழுதியதற்காக 1918இல் அவரை லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தபோது, வாசலில் மதம் கேட்டிருக்கிறார்கள். அக்னாஸ்டிக் என்றாராம். அதை எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்ட காவலர், மதங்கள் எத்தனையோ, கும்பிடுவதெல்லாம் ஒரே கடவுளைத்தானே என்று பெருமூச்சு விட்டாராம்.

எனக்கு ஆஸ்பத்திரியில் இதே கதை. பிரசவத்துக்குச் சேரும்போது மதம் என்ன என்றார்கள். “இன்னும் முடிவு பண்ணலைங்க” என்றேன். அந்த அக்கா என் பெயரைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், ‘இந்து’ என்று எழுதிவிட்டார். வலி எடுக்கிற நேரத்தில் யார் வாதாடுவது? மதமே வேண்டாம் என்பவர்களுக்காவது ஒரு வழி இருக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். என்னைப் போன்றவர்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

* * *

மேலே எழுதிய இருவரையும் போல் இல்லை, நான் நாத்திகன். கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாக நான் எங்கேயும் சொன்னதில்லை. நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி, உனக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. 1869இல் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி தன்னை அக்னாஸ்டிக் என்று அழைத்துக்கொண்டது இரண்டாவதை மனதில் வைத்துத்தான். ஆகவே ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். இதில் முதலில் எழுதியவரின் பெரியப்பா பக்கம்தான் நான்.

ஆனால் கோயில் வாசலில் ஆள் யார் என்பது தெரிந்துவிடும். குடும்பத்தோடு போனால் நான் வெளியே செருப்புக்குக் காவல். என் அக்னாஸ்டிக் நண்பன் உள்ளே போவான். திருநீறு கொடுத்தால் வாங்குவான், பூசமாட்டான், தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஏன்டா என்றால், “வாங்கலைன்னா குருக்கள் முகம் சுருங்குது. பூசினா எனக்கே பொய்யாப் படுது” என்பான். சட்டையைத் துவைக்கப் போடுகிற அன்றைக்கு அவன் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை.