ஆயிரம் மணி நேரம் முடித்தால் தெரபிஸ்ட் ஆகிவிடுவார்களா?

மணல்பை:
"ஆக்குபேஷனல் தெரபி (நோயாளி அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) உலகக் கூட்டமைப்பு சொல்கிற 1000 மணி நேரக் களப்பயிற்சியை முடித்த மாணவருக்கு, அதற்கு மேல் திறன் தேர்வு எதற்கு?" என்று நேற்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு லைக் வேறு! எங்கள் டிபார்ட்மென்டுக்கு வந்த ஒரு இன்டர்னுக்கு, பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் நுழைப்பது என்றே தெரியவில்லை. லாக்புக்கில் மட்டும் 1000 மணி நேரமும் பக்காவாக இருக்கிறது.

கோனியோமீட்டர்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்த 1000 நான் கண்டுபிடித்ததில்லை. 1952இல் கூட்டமைப்பைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாமே சேர்ந்து வைத்த அளவு அது.

மணல்பை:
குறைந்தபட்ச அளவு, சார். அப்புறம், எந்த 1000? மாணவர் நோயாளியோடு நேரடியாகப் பழகி, சிகிச்சையில் ஒரு பகுதியையாவது தானே செய்கிற நேரம்தான் அதில் சேரும். நம் ஊரில் சீனியர் பின்னால் நோட்டோடு நிற்பதும் கணக்கு, ஃபைல் தூக்குவதும் கணக்கு.

கோனியோமீட்டர்:
பார்ப்பதும் பயிற்சிதான். 1000 என்றால் 1000.

இன்டர்ன்தம்பி:
மேடம், எங்களை ஏன் வறுக்கிறீர்கள்? பிராக்டிகலில் எனக்கு முதுகுத்தண்டு காயம், என் தோழிக்கு கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது). யாருக்கு எந்த கேஸ் வருகிறதோ அதுதான் மார்க். ஓஸ்கி (ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒரே அளவுகோலில் செய்முறையைச் சோதிக்கும் திறன் தேர்வு) வைத்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வியாவது வரும்.

மணல்பை:
அதைத்தான் கேட்கிறேன், தம்பி. ஹார்டன் குழு டண்டீயில் ஓஸ்கியை விவரித்து எழுதியது 1975இல். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் செக்லிஸ்ட்: வீல்சேருக்கு பிரேக் போட்டாரா, கால்தாங்கியை ஒதுக்கினாரா, நோயாளியின் பலமான பக்கம் கட்டிலை ஒட்டி இருக்கிறதா? இதை 1000 மணி நேரம் சொல்லாது.

பிரிஸ்பேன்வாசி:
இங்கே ஆஸ்திரேலியாவில் ஸ்பெஃப்-ஆர்2 என்று ஒரு மாணவர் மதிப்பீட்டுப் படிவம் உண்டு. பயிற்சியின் பாதியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சூப்பர்வைசர் மதிப்பிடுவார். பாதியிலேயே குறை தெரிந்துவிடும்.

மணல்பை:
வந்துவிட்டார் "இங்கே ஆஸ்திரேலியாவில்"! ஓபி கூட்டத்தில் எங்கள் சூப்பர்வைசருக்குத் தண்ணீர் குடிக்கவே நேரமில்லை. படிவம் வந்தால் எல்லோருக்கும் ஒரே மார்க்கைப் போட்டு அனுப்புவார்.

பிரிஸ்பேன்வாசி:
நல்லதைச் சொன்னால் கிண்டல். இனி நான் வரவில்லை.

முழங்கால்:
பிசியோவில் எங்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. நீங்கள் முதலில் பெக் போர்டை (கைப்பயிற்சிக்கு முளை செருகும் பலகை) விட்டு வெளியே வாருங்கள் 😄

மணல்பை:
உங்கள் பேஷண்ட் நடக்கிறார், சரி. வீட்டு இந்தியன் கழிவறையில் உட்கார்ந்து எழுந்தாரா என்று யார் பார்த்தது? அவர் கடைசியில் எங்களிடம்தான் வருகிறார்.

முழங்கால்:
குந்தி எழ வைப்பதும் நாங்கள்தான், மேடம்.

கோனியோமீட்டர்:
தலைப்பை விட்டு எங்கேயோ போகிறீர்கள். போன வருடம் ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் சாதனம்) விவாதத்தில் நான் சொன்னதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. ஓஸ்கியில் நடிப்பவர் போலி நோயாளி. வலியில் கத்தும் நிஜ நோயாளியை வார்டில்தான் பார்க்க முடியும். அதற்குத்தான் 1000.

மணல்பை:
அந்த ஸ்பிளின்டில் மணிக்கட்டு கோணமே தப்பு. இன்றைக்கும் சொல்வேன், படம் என்னிடம் இருக்கிறது. அப்புறம், வார்டில் நோயாளி கத்தும்போது உங்கள் மாணவர் எங்கே நின்றார்? திரைக்கு வெளியே. அதுவும் உங்கள் 1000இல் சேர்ந்ததுதானே?

கோனியோமீட்டர்:
படத்தைப் போடுங்கள், பார்ப்போம். 1000இல் ஒரு மணி நேரம்கூடக் குறைக்க விடமாட்டேன்.

இன்டர்ன்தம்பி:
குறைக்கச் சொன்னது யார், சார்?