வாஸ்ப்-121பி: கடப்பின் ஆழம் பாதிகூட வரவில்லை, நடுவில் இன்னொரு பள்ளம் தெரிகிறது. உதவி தேவை

கார்த்திகைப்பெண்:

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் செயல்திட்டத்துக்கு வாஸ்ப்-121 விண்மீனை எடுத்திருக்கிறேன். பப்பிஸ் தொகுதியில் உள்ள 10.4 ஒளிப்பருமன் கொண்ட எஃப் வகை விண்மீன். வாஸ்ப்-121பி என்ற ராட்சதப் புறக்கோள் அதன் முன்னால் கடப்பதை நாசாவின் டெஸ் விண்தொலைநோக்கித் தரவில் கண்டுபிடித்து, கோளின் ஆரத்தைக் கணக்கிட்டு, வெளியான மதிப்போடு ஒப்பிட வேண்டும். இதுதான் வேலை.

மாஸ்ட் தரவுக் காப்பகத் தளத்திலிருந்து 7ஆம் செக்டர் (டெஸ் ஒரு தடவையில் பார்க்கும் வானப் பகுதி) தரவை இறக்கினேன். 2019 ஜனவரியில் எடுத்தது, 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. பைத்தானில் லைட்கர்வ் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். செய்தவை வரிசையாக: கருவிப் பிழைகள் நீக்கிய பி.டி.சி.சாப் ஒளியை எடுத்தேன். மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃப்ளாட்டன் கட்டளை கொடுத்தேன், அதில் எதையும் மாற்றவில்லை. விலகிய புள்ளிகளை நீக்கும் ரிமூவ் அவுட்லையர்ஸ் கட்டளையில் சிக்மா 3 வைத்தேன். பிறகு திரும்பத் திரும்ப வரும் பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும் பி.எல்.எஸ். முறை மூலம் சுற்றுக்காலம் தேடினேன். 2 நாள் முதல் 10 நாள் வரை கொடுத்தேன், ஏனென்றால் சூடான வியாழன்கள் (விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும் ராட்சதக் கோள்கள்) பெரும்பாலும் 3, 4 நாளில் சுற்றுகின்றன என்று படித்திருந்தேன். கிடைத்த சுற்றுக்காலத்தில் மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, படம் போட்டேன்.

சிக்கல் இரண்டு. ஒன்று, பள்ளத்தின் ஆழம் சுமார் 0.6 சதவீதம்தான் வருகிறது, 1.5-க்கு மேல் வர வேண்டும். வடிவமும் சரியில்லை. பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒளி 1-க்கு மேலே மேடு கட்டுகிறது, நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கிறது. இரண்டு, சுற்றுக்காலம் 2.5498 நாள் என்று வருகிறது, சரியான மதிப்பு 1.2749. மடித்த படத்தில் பாதிச் சுற்றில் இன்னொரு பள்ளம், அதே ஆழத்தில். இது இரட்டை விண்மீனோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து யாராவது பாருங்கள்.

துருவன்:

அம்மா, பாதிச் சுற்றில் சம ஆழத்தில் இன்னொரு பள்ளம் என்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது மறைப்பு இரட்டை விண்மீனைத்தான். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மாறி மாறி மறைத்தால் அப்படித்தான் தெரியும். பக்கத்தில் உள்ள மங்கலான இரட்டையின் ஒளி கலந்து பள்ளத்தைச் சிறிதாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு. டெஸ் கேமராவின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம், அதற்குள் அண்டை விண்மீன்கள் நுழைந்துவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆரம் வியாழன் அளவில் இருப்பதால் மட்டும் அது கோளாகிவிடாது. இ.பி.எல்.எம். ஜே0555-57ஏபி என்ற விண்மீன் சனிக்கோள் அளவுதான், ஆனால் நிறை வியாழனைப்போல 85 மடங்கு. இந்த எல்லையில் நிறை ஏறினாலும் உருவம் பெருப்பதில்லை. கடப்பை மட்டும் வைத்துக் கோள், பழுப்புக் குள்ளன் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்டது), சிறு விண்மீன் மூன்றையும் பிரிக்க முடியாது.

பைத்தான்_பாண்டி:

துருவன் சார் சொன்னது பொதுவாகச் சரி. ஆனால் இந்த விண்மீனில் அந்தக் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. கண்டுபிடித்த குழு சிலியின் லா சில்லாவில் உள்ள கோரலி நிறமாலைமானியால் ஆரத்திசைவேகத்தை, அதாவது விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகத்தை, அளந்திருக்கிறது. விண்மீன் ஆடும் வேகம் வினாடிக்குச் சுமார் 180 மீட்டர், அதுவும் 1.27 நாள் சுற்றில். துணை இன்னொரு விண்மீனாக இருந்தால் அது வினாடிக்குப் பல கிலோமீட்டராக இருந்திருக்கும்.

கார்த்திகைப்பெண், ஃப்ளாட்டன் செய்யாத ஒளிவளைவை அப்படியே வரைந்து பாருங்கள். பள்ளங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கார்த்திகைப்பெண்:

தெரிகின்றன அண்ணா! நன்றாக ஆழமாக, வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்றேகால் நாள். அப்படியானால் பள்ளத்தை என் கட்டளைகள்தான் கெடுக்கின்றனவா?

வடமீன்:

ஆமாம், கட்டளைகள்தான். சுற்றுக்காலத்தை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. நீங்கள் தேடலை 2 நாளில் தொடங்கினீர்கள். உண்மையான சுற்றுக்காலம் 1.27 நாள், அது தேடும் எல்லைக்குள்ளேயே இல்லை. பி.எல்.எஸ். தனக்குக் கொடுத்த எல்லைக்குள் பொருந்துவதைத்தான் தரும், அதனால் இரட்டிப்பு மதிப்பைத் தந்துவிட்டது. இரண்டு சுற்றுகளைச் சேர்த்து ஒரு சுற்றாக மடித்தால் பாதியில் இன்னொரு கடப்பு தெரியத்தானே செய்யும்? 0.5 நாளிலிருந்து தேடுங்கள். வாஸ்ப்-18பி, வாஸ்ப்-43பி போன்றவை ஒரு நாளுக்குள்ளேயே சுற்றி முடிக்கின்றன.

இப்போது ஆழம். ஃப்ளாட்டன் உள்ளே சவிட்ஸ்கி–கோலே வடிகட்டியை ஓட்டுகிறது. ஒரு சாளரத்துக்குள் இருக்கும் புள்ளிகளுக்கு இருபடி வளைவு பொருத்தி, அதைப் போக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒளியை அதனால் வகுக்கிறது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் சாளரத்தின் அகலம் 101 புள்ளி. உங்கள் தரவில் 101 புள்ளி என்பது 202 நிமிடம், அதாவது சுமார் 3.4 மணி. இந்தக் கோள் விண்மீனைக் கடக்க எடுக்கும் நேரம் 2.9 மணி, சுமார் 87 புள்ளி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். சாளரம் கடப்பின் நடுவில் நிற்கும்போது அதற்குள் இருப்பதெல்லாம் பள்ளம்தான், அதையே போக்கு என்று எடுத்து வகுத்துவிடுகிறது. அதனால்தான் நடுப்பகுதி மேலே தூக்குகிறது. சாளரம் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது பாதி உள்ளே, பாதி வெளியே. பொருத்திய வளைவு நடுவாந்திரமாகப் போகும், அதனால் வெளிப்பக்கம் மேடு கட்டும். வேட்டியில் சுருக்கம் எடுக்கப் போய்க் கரை மடிப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்ட கதைதான்.

விளிம்புகளில் பிழைத்துக் கிடந்த ஆழமான புள்ளிகளையும் சிக்மா 3 வெட்டியிருக்கும். அந்தக் கட்டளை மேலும் கீழும் இரண்டு பக்கமும் வெட்டும், கடப்புப் புள்ளிக்கும் கெட்டுப்போன புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஃப்ளாட்டன் இல்லாமலேயே பி.எல்.எஸ். ஓட்டிச் சுற்றுக்காலம், கடப்பு நேரம், கால அளவு மூன்றையும் எடுங்கள். இந்தப் பள்ளம் அவ்வளவு ஆழம், ஃப்ளாட்டன் இல்லாமலே மாட்டும். அவற்றை வைத்து கிரியேட் டிரான்சிட் மாஸ்க் கட்டளையால் கடப்புப் புள்ளிகளுக்கு முகமூடி போடுங்கள். கால அளவைக் கொஞ்சம் தாராளமாக, மூன்றரை மணி வரை கொடுங்கள். பிறகு அந்த முகமூடியோடு ஃப்ளாட்டன், விண்டோ லெங்த் 901. கடப்புப் புள்ளிகளைத் தொடாமல், அவற்றுக்கு மேலாகப் போக்கை இடைச்செருகிக்கொள்ளும். அவுட்லையரில் சிக்மா லோயரை 20 என்று வைத்து மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள்.

சூடான வியாழன்களின் கடப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மணிதான், அதனால் 2 நிமிடத் தரவில் இந்த 101 தொடர்ந்து பலரைக் கடிக்கிறது. எந்த விண்மீனை எடுத்தாலும் கடப்பு எத்தனை புள்ளி என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் சாளரத்தைத் தொட வேண்டும்.

கார்த்திகைப்பெண்:

அக்கா, வந்துவிட்டது! 1.2749 நாள். அழகான யு வடிவப் பள்ளம், மேடு எதுவும் இல்லை. அடிப்பகுதியில் ஆழம் சுமார் 1.7 சதவீதம். அதன் வர்க்கமூலம் 0.130. விண்மீனின் ஆரம் சூரியனைப்போல 1.46 மடங்கு, அதை வைத்துக் கணக்கிட்டால் கோளின் ஆரம் வியாழனைப்போல 1.85 மடங்கு. லெட்டீசியா டெல்ரே குழுவின் 2016 கட்டுரையில் 1.865 என்று இருக்கிறது. பொருந்திவிட்டது என்று எழுதிவிடலாமா?

வடமீன்:

இன்னும் எழுதாதீர்கள். இரண்டு எண்களும் பக்கத்தில் வந்திருப்பது தற்செயல். அதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, இரண்டையும் நீங்கள் அறிக்கையில் விளக்கினால் செயல்திட்டமே அதனால் உயரும்.

முதல் காரணம் விளிம்பு மங்கல். விண்மீனின் வட்டு எங்கும் ஒரே பிரகாசம் கிடையாது. நடுப்பகுதி பிரகாசம், ஓரம் மங்கல். இந்தக் கோள் வட்டின் கிட்டத்தட்ட நடுவாகவே கடக்கிறது, ஆகவே தன் பரப்பளவுக்கு உரிய பங்கைவிட அதிக ஒளியை மறைக்கிறது. பள்ளத்தின் அடியை அப்படியே அளந்து வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் பெரிதாக வரும். லாரா கிரைட்பர்க் எழுதிய, கடப்பு ஒளிவளைவைக் கணக்கிடும் பேட்மேன் தொகுப்பை நிறுவி, விளிம்பு மங்கலுக்கு இரண்டு குணகங்களோடு மாதிரியைப் பொருத்துங்கள். சுற்றுப்பாதை ஆரம் விண்மீன் ஆரத்தைப்போல சுமார் 3.8 மடங்கு, அங்கிருந்து தொடங்கலாம். மையப்பிறழ்ச்சி பூஜ்யம், அதாவது வட்டப் பாதை. ஆர விகிதம் 0.124-ஐ ஒட்டி வர வேண்டும், அப்படியானால் கோளின் ஆரம் 1.75 அருகே.

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கட்டுரையின் 1.865 நேரடியாக அளந்த எண் அல்ல. இந்தக் கோள் தன் விண்மீனுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அதன் ஈர்ப்பில் இழுபட்டு முட்டை வடிவில் நீண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் ரோச் எல்லையில் சிதையத் தொடங்கும். நீண்ட அச்சு எப்போதும் விண்மீனை நோக்கியே இருக்கும். கடப்பின்போது கோள் நமக்கும் விண்மீனுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால் நீண்ட அச்சு நேராக நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். நமக்குத் தெரிவது முட்டையின் முனைப்பக்க வட்டம் மட்டும்தான், கடப்பு தரும் ஆரம் உண்மையைவிடச் சிறிது. அதைத் திருத்தித்தான் அவர்கள் 1.865 கொடுத்தார்கள். உங்கள் 1.85 வேறு வழியில் பெரிதானது.

துருவன்:

இந்த முட்டை வடிவம் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, வடமீன். அம்மா, ஆரம் வந்ததும் நிறையையும் சேர்த்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஆரத்திசைவேகத்திலிருந்து நிறை வியாழனைப்போல சுமார் 1.2 மடங்கு. ஆரம் 1.75 என்றால் கன அளவு 5 மடங்குக்கு மேல். அடர்த்தி வியாழனுடையதில் கால் பங்குக்கும் குறைவாக வரும். வழக்கமாக ஆரத்திசைவேகத்தில் நமக்குக் குறைந்தபட்ச நிறைதான் கிடைக்கும். கடப்புக் கோளில் பாதையின் சாய்வும் தெரிந்துவிடுவதால் உண்மையான நிறையே கையில் இருக்கிறது. அதை ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

கார்த்திகைப்பெண்:

பேட்மேன் பொருத்தியதில் விகிதம் 0.1237, ஆரம் 1.76. அடர்த்தியும் போட்டுவிட்டேன், சார் சொன்னபடியே வருகிறது. அக்காவுக்கும் சாருக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இரண்டாம் மறைப்பு, அதாவது கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும்போது வரும் சின்னப் பள்ளம், இந்தத் தரவில் தெரியுமா? சுற்றின் 0.5 இடத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பைத்தான்_பாண்டி:

தெரியும், ஆனால் நீங்கள் ஃப்ளாட்டன் செய்த கோப்பில் தேடுகிறீர்கள். 901 புள்ளி என்பது 30 மணி, கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. கடப்புக்கு முகமூடி போட்டீர்கள், இரண்டாம் மறைப்புக்குப் போடவில்லை. சுற்று முழுக்க மெதுவாக ஏறி இறங்கும் ஒளி மாற்றத்தை அந்தச் சாளரம் பெரும்பாலும் விழுங்கிவிடும், மறைப்பின் ஆழத்திலும் கைவைக்கும்.

இந்த வேலைக்கு ஃப்ளாட்டனே வேண்டாம். பி.டி.சி.சாப் ஒளியை எடுங்கள். செக்டரின் நடுவில் தரவை பூமிக்கு அனுப்ப டெஸ் எடுத்துக்கொண்ட இடைவெளி இருக்கும், அதற்கு முன், பின் என்று இரண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கடப்பை ஒதுக்கிவிட்டு ஒரு நேர்கோட்டை மட்டும் பொருத்தி வகுங்கள். 1.2749-இல் மடித்து, 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகச் சராசரி எடுத்து, செங்குத்து அச்சை 0.999-க்கும் 1.001-க்கும் நடுவில் வையுங்கள். முழுக் கடப்பும் தெரியும்படி அச்சை வைத்தால் இது கண்ணில் படாது.

எதிர்பார்க்க வேண்டிய ஆழம் 0.04 முதல் 0.05 சதவீதம். ஒரு தனிப் புள்ளியின் இரைச்சல் அதைவிடப் பெரிது, ஆனால் இந்த ஒரு செக்டரிலேயே ஒன்றரை டஜன் சுற்றுகள் இருக்கின்றன, அத்தனையும் சேர்ந்தால் தெளிவாக எழுந்து வரும். கோளின் பகல் பக்கம் 2,500 கெல்வினுக்கு மேல் கொதிக்கிறது, நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த வெப்ப ஒளி மறைவதைத்தான். 2017-இல் ஹபிள் இதே பகல் பக்க ஒளியில் நீராவியின் தடயத்தைக் கண்டது, அதுவும் உமிழ்வாக. மேலே போகப் போக வெப்பம் கூடும் அடுக்கு அங்கே இருக்கிறது என்பதற்கு அது சான்று.

கார்த்திகைப்பெண்:

இருக்கிறது அண்ணா! 0.5-ஐச் சுற்றி மூன்று மணி நேரத்துக்குத் தட்டையான சின்னப் பள்ளம், ஆழம் 0.045 சதவீதம். அதற்கு முன்னும் பின்னும் ஒளி கொஞ்சம் உயர்ந்து நிற்பதும் தெரிகிறது, பகல் பக்கம் நம் பார்வைக்குத் திரும்புவதால்தானே? இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு கோளின் பகலை என் மடிக்கணினியில் பார்க்கிறேன் என்பதை நம்பவே முடியவில்லை. 33, 34ஆம் செக்டர் தரவையும் சேர்த்தால் இன்னும் துல்லியமாகுமா?

வடமீன்:

ஆமாம், பகல் பக்கம் திரும்புவதால்தான். தாராளமாகச் சேருங்கள். ஒவ்வொரு செக்டரையும் தனித்தனியாக இயல்பாக்கிய பிறகுதான் ஒட்ட வேண்டும், ஒட்டிவிட்டு இயல்பாக்கினால் செக்டர்களுக்கு இடையில் படி விழும். 7-க்கும் 33-க்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, 500-க்கு மேற்பட்ட சுற்றுகள். 7ஆம் செக்டரில் மட்டும் கிடைத்த சுற்றுக்காலத்தில் உள்ள சிறு பிழை அத்தனை சுற்றிலும் பெருகி மணிக்கணக்கில் தள்ளிவிடலாம். மூன்று செக்டர்களிலும் சேர்த்துச் சுற்றுக்காலத்தைப் புதிதாகப் பொருத்திவிட்டு மடியுங்கள். நேரத்தை மற்றவர்கள் மதிப்போடு ஒப்பிடும்போது டெஸ் தரும் நாள் எண்ணோடு 24,57,000 கூட்டி ஜூலியன் நாளாக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.