ஓதம் ஏறும் ஊரில் மரத்தளம்: எங்கள் வீடுகளில் கண்டது

கொட்டிவாக்கம், சென்னை

கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கிற எங்கள் வீட்டில், 2022 மே மாதம் இரண்டு அறைகளுக்கு மரத்தளம் போட்டோம். கீழே என் கணவரின் படிப்பறை, மேலே மகளின் படுக்கையறை. ஒரே கட்டாக வந்த ஓக் பலகைகள், அதே மூன்று ஆட்கள், அதே வாரம். மேலறையில் இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழறையின் கதைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பலகைகள் 18 மில்லிமீட்டர் கனமும் 120 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட முழுமரப் பலகைகள். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய வகை வேண்டாம், காலத்துக்கும் நிற்கிற அசல் மரமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். கத்திரி வெயிலில் வேலை நடந்தது. ஒரு பலகையின் ஓரத்து நாக்கும் அடுத்த பலகையின் ஓரத்துப் பள்ளமான காடியும் ஒன்றுக்குள் ஒன்று அத்தனை இறுக்கமாகப் பொருந்தியதைப் பார்த்து, ஒரு மயிரிழை கூட நுழையாது என்று வேலையாட்களைப் பாராட்டி, கிளம்பும்போது ஆளுக்கு ஒரு வேட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு விடியற்காலையில் விளக்குப் போடாமல் அந்த அறைக்குள் வெறுங்காலோடு நடந்தபோது, தரை சமமாக இல்லை என்று உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. காலையில் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரங்களும் மேலெழும்பி நடு தாழ்ந்து, வரிசையாகக் கூரை ஓடுகளைக் கவிழ்க்காமல் மல்லாத்தி அடுக்கியதுபோல இருந்தது. இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்தபோது நடுவில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. பத்து நாளில் தோட்டத்துக் கதவருகே இரண்டு பலகைகள் ஒன்றையொன்று முட்டிக் கூடாரம்போல எழும்பிவிட்டன.

போட்டுக் கொடுத்தவரை அழைத்தேன். வந்து பார்த்தார். "மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதில்லையா, அம்மா, அதுபோலத்தான் இதுவும், இயந்திரம் கொண்டுவந்து மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திவிடுகிறேன்" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், மேலறை நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன். அதே மழை, அதே கடற்காற்று, அதே மரம். மேலே இறுகாதது கீழே மட்டும் ஏன் இறுக வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இங்கே யாரேனும் அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்ல வேண்டுகிறேன்.

தளம் போடும் தொழிலில் 19 ஆண்டுகள். இப்போது சென்னையிலும் கொச்சியிலும்

அம்மா, முதலில் அந்த உப்புத்தாள் இயந்திரத்தை வீட்டுக்குள் விடாதீர்கள். ஈரம் இருக்கும்போது எழும்பிய ஓரங்களை இப்போது தேய்த்து எடுத்துவிட்டால், கோடையில் பலகை காய்ந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதன்பிறகு அதைச் சரிசெய்யக் கழிக்க மரம் மிஞ்சாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் இந்தத் தவற்றைச் செய்து, அடுத்த மே மாதம் என் கூலியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பலகையின் ஓரம் எழும்பி நடு குழிந்தால், அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக நீரைக் குடித்திருக்கிறது என்று பொருள். காற்றின் ஈரம் மட்டுமே காரணமாக இருந்தால் மேலறையும் ஓரளவு காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே நீர் கீழிருந்து வருகிறது. நான் ஊகிப்பது இது: கீழறையில் பழைய தரையை உடைத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டுக் கலவை போட்டுச் சமன் செய்திருப்பீர்கள், மேலறையில் பழைய மொசைக்கின் மேலேயே பலகையைப் போட்டிருப்பார்கள். சரிதானா?

புதிய கலவை பார்வைக்கு ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். ஆனால் அது உள்ளுக்குள் காய்வதற்கு, காற்றோட்டம் நன்றாக இருந்தாலும் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்று தொழிலில் கணக்கு வைத்துக்கொள்வோம். ஈரமான ஊரில் அதற்கு மேலும் ஆகும். அத்தோடு தரைத்தளம் மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் உயரும்போது, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலக் காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறிக்கொண்டே இருக்கும். மேலறைக்குக் கீழே இருப்பது மண்ணன்று, காற்றோடும் இன்னோர் அறை.

மரத்தின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. இறக்குமதி ஓக் சூளையில் காய்ந்து வரும்போது அதன் ஈர அளவு, உலர்ந்த எடையில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்குதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நாள்கணக்கில் நின்றால், மரம் ஏறத்தாழ 15 அல்லது 16 வரை குடித்துத்தான் ஓயும். தட்டையாக அறுத்த ஓக் பலகையில், 120 மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஈர அளவு 4 புள்ளிகள் கூடினால் அகலம் சுமார் 1.75 மில்லிமீட்டர் கூடும். 12 அடி அகலமுள்ள அறையில் இப்படி 30 பலகைகள் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 50 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. பசையும் ஆணியும் அதில் பெரும்பகுதியை அடக்கிவைக்கும் என்றாலும், சுவரோரம் நாம் விடுவது 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே. அதையும் சிலர் அழகுக்காகச் சுவரோடு ஒட்டிவிடுகிறார்கள். மயிரிழை நுழையாத இறுக்கம் மே மாதத்துச் சென்னையில் பாராட்டத்தக்கதன்று. வேட்டியைத் திரும்பக் கேட்க முடியாது என்பது வேறு விஷயம்.

தேக்காக இருந்தால் இதே மாற்றத்துக்கு ஏறத்தாழப் பாதிதான் அசையும். நம்மவர்கள் கதவு நிலைக்குத் தேக்கைத் தேடியதற்கு நிறமும் மணமும் மட்டும் காரணமல்ல.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. கூடாரமாக எழும்பிய இடத்தில் மூன்று பலகைகளைக் கழற்றுங்கள். வெறும் தரை தெரிந்ததும் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலித்தீன் தாளை விரித்து நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ விடை கிடைத்துவிட்டது. துளி இல்லை என்பதால் மட்டும் தரை காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; அதற்குத் தளத்தில் துளையிட்டு, கனத்தில் 40 விழுக்காடு ஆழத்தில் ஈரமானியை இறக்கி அளக்கும் முறை இருக்கிறது. நான் இப்போது அந்த அளவைத் தாளில் எழுதி வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்காமல் பலகைக் கட்டைப் பிரிப்பதே இல்லை.

அங் மோ கியோ, சிங்கப்பூர்

எங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1980களில் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடு எங்களுடையது. படுக்கையறைகளில் விரல் நீளக் கட்டைகளைக் கட்டம்கட்டமாக அடுக்கி ஒட்டிய பழைய பார்க்கே தரை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த ஊர் இது. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கம். அப்படியும் அந்தத் தரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அசையவில்லை. சிறு துண்டு சிறிதளவே வீங்கும், கட்டத்துக்குக் கட்டம் திசையும் மாறுகிறது என்பதால், ஒரே பக்கமாகத் தள்ளுகிற வலு அதற்குச் சேர்வதில்லை என்று புதுப்பிப்பு வேலைக்கு வந்த மலாய்க்காரப் பெரியவர் விளக்கினார்.

எங்களுக்குத் தொல்லை வந்தது குளிரூட்டியால். வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஓர் அறையில் மட்டும் காலை முதல் இரவு வரை குளிரூட்டி ஓடியது. சில மாதங்களில் அந்த அறையில் கட்டைகளுக்கு இடையே கறுப்புக் கோடுகளாக இடைவெளி விழுந்து, இரண்டு மூன்று துண்டுகள் நடக்கும்போது 'டொக் டொக்' என்று ஆடின. மற்ற அறைகளில் ஒன்றுமில்லை. மரத்துக்கு ஈரம் பகையன்று, ஈரம் ஏறி இறங்குவதுதான் பகை என்று எனக்குத் தோன்றுகிறது.

நாகர்கோவில்

சிங்கப்பூர்க்காரர் சொன்னதைப் படித்ததும் என் தாத்தா வீட்டு மச்சு நினைவுக்கு வந்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் எங்களுடையது. அயனிப் பலகை போட்ட மச்சுத் தரை. வைரம் பாய்ந்த கட்டை. நெல்லும் தேங்காயும் கொட்டி வைத்த இடம், யாரும் எண்ணெய் பூசிப் பராமரித்ததாக நினைவில்லை. பலகைகளுக்கு இடையே விரல் நகம் நுழையும் அளவு சந்து இருக்கும். கீழே பாட்டி விளக்கேற்றினால் மேலே கோடுகோடாக வெளிச்சம் விழும். சிறுவர்களாகிய நாங்கள் அந்தச் சந்துவழியே பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டிருக்கிறோம். மேலும் கீழும் காற்று, நடுவில் சந்து. தளம் போடும் ஐயா சொல்லும் கணக்கெல்லாம் அந்த ஆசாரிக்கு வேறு வடிவில் தெரிந்திருக்கிறது. சிமெண்டின் மேல் மரத்தைப் படுக்கவைத்து ஒட்டுவது நாம் பின்னால் கண்டுபிடித்த வம்பு.

கரையானை மறக்காதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஓதம் ஏறுகிற தரைத்தளத்தில் ஒட்டிய மரம் அதற்கு விருந்து.

கொட்டிவாக்கம், மீண்டும்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். தளம் போடும் ஐயா ஊகித்தது ஒவ்வொன்றும் சரி. பழைய டைல்ஸை உடைத்துவிட்டு இரண்டு அங்குலக் கனத்தில் கலவை போட்டிருந்தோம். பலகை இறங்கியது அதற்குப் பன்னிரண்டாம் நாள்! வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கியவர்கள் நாங்களே, ஜூனில் மகளின் நிச்சயதார்த்தம் இருந்தது.

மூன்று பலகைகளைக் கழற்றியபோது அடிப்பக்கம் முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சை. பழைய புத்தக அலமாரியைத் திறந்ததுபோன்ற வாடை. ஈரத்தைத் தடுக்கப் பலகைகளுக்கு அடியில் பாலித்தீன் தாள் இருக்கத்தான் செய்தது, ஆனால் இரண்டு தாள்கள் சேரும் இடத்தில் நான்கு விரற்கடை மட்டும் மேலேற்றி, நாடா ஒட்டாமல் விட்டிருந்தார்கள். சுவரோரத்தில் மடித்து ஏற்றவும் இல்லை. வெறும் தரையில் தாளை ஒட்டிவைத்த மறுநாள் காலை, குழம்புச் சட்டி மூடியைத் திறந்ததுபோல அடியில் துளித்துளியாக நீர். என் கணவர் அதைப் படம் எடுத்துப் போட்டுக்கொடுத்தவருக்கு அனுப்பினார். அவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் கேள்வி: மீதிப் பலகைகளைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா?

தளம் போடும் தொழிலில் 19 ஆண்டுகள்

முடியும், அம்மா, ஆனால் அவசரப்படக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு வரிசைக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் வைத்து, வெயில் படாத அறையில் காற்றோடும்படி அடுக்குங்கள். பூஞ்சையைத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரமானியால் வாரம் ஒருமுறை அதே ஐந்து பலகைகளை அளந்து குறித்துவாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எண் மாறாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது. சிலர் 'கட்டைப் பிரித்து 48 மணி நேரம் வைத்தால் போதும்' என்பார்கள். நாள் கணக்கை நம்பாமல் எண்ணை நம்புங்கள். இவ்வளவு அகலமான பலகைக்கும் அடித்தளமாக வைக்கும் பிளைவுட்டுக்கும் இடையே 2 புள்ளிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அந்த அறையில் குளிரூட்டி எப்படி ஓடப்போகிறதோ, அப்படியே அப்போதும் ஓடட்டும்.

ஆனால் அந்தக் கீழறையில் மீண்டும் முழுமரம் போடச் சொன்னால் நான் வேலையை ஏற்கமாட்டேன். தரைக்கு அடியில் ஓதத்தடுப்பு இல்லாத பழைய வீட்டில், மேலே எத்தனை தாள் விரித்தாலும் ஈரம் சுவர் வழியாக ஏறிக்கொள்ளும். அங்கே கல்லோ ஓடோ போடுங்கள். மரம்தான் வேண்டும் என்றால், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டின்மேல் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தேக்கு ஒட்டிய பலகை ஓரளவு தாங்கும். அதற்கும் முதலில் தரைமேல் ஈரத்தடுப்புப் பூச்சு வேண்டும். 'தண்ணீரே படாது' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது பலகையின் மேற்பரப்புக்கு மட்டும்தான்.

கொட்டிவாக்கம், கடைசியாக

படிப்பறைக்கு அத்தங்குடி ஓடு போட்டுவிட்டோம். ஓக் பலகைகள் ஏப்ரல் கடைசியில் 11 என்ற எண்ணில் வந்து நின்றன. குழிவு பெரும்பாலும் தானாகவே தணிந்திருந்தது. ஏழு பலகைகள் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பவில்லை, அவற்றைக் கழித்தோம். மற்றவற்றை மாடிக் கூடத்தில், பழைய மொசைக்கின் மேல், சுவரோரம் 15 மில்லிமீட்டர் விட்டுப் போட்டு, அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங்கால் மறைத்தார்கள். இந்த முறை மே மாதமே போட்டதால், பலகைக்குப் பலகை மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்த்தே அடித்தார்கள். கூடம் அப்போது சற்றே பல்லிளித்ததுபோல இருந்தது. மகள் முகம் சுளித்தாள். நவம்பர் வந்ததும் சந்துகள் மூடிக்கொண்டன. இரும்பு அளவுகோலை இப்போதும் மாடிப்படிக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காபி குடித்துவிட்டு ஒருமுறை குறுக்கே வைத்துப் பார்ப்பதுண்டு.